தாய் பெயர் என்ற இடத்தில்

நீலாங்கரை, சென்னை
11.2.2024

அன்புள்ள அக்காவுக்குத் தேவி எழுதுவது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீ, மாசி மாமா, என் காவியா மூவரும் சுகம்தானே? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

வேலை கஷ்டமில்லை. ஆல்வின் சார், ஏஞ்சல் மேடம், அவர்கள் பையன் தானியேல். மூன்று வயது. நம் காவியாவைவிட நாலே மாதம் மூத்தவன். அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைப்பதுதான் என் வேலை. வீட்டில் இருப்பதைவிட இவர்கள் தண்ணீரில் இருப்பதுதான் அதிகம். கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு படகைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஆனால் காரின் தலையில் கட்டிக்கொண்டு முட்டுக்காடு, கோவளம் என்று கிளம்பிவிடுகிறார்கள். இதே பைத்தியம் பிடித்த ஐந்து குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து போகிறார்கள்.

என்னை ஏன் வேலைக்கு எடுத்தார்கள் தெரியுமா? சார் முதல் நாள் கேட்டார், "நீச்சல் தெரியுமா?" என்று. "உத்திரமேரூர் ஏரிக்கரை இருளருங்க சார் நாங்க. நடக்கறதுக்கு முன்னாடியே எங்கப்பன் தண்ணில போட்டுட்டாரு" என்றேன். சிரித்துக்கொண்டே வரச் சொன்னார்.

ஆறு மாதம் போகட்டும், பிறகு பிள்ளையைக் கூட்டிவந்து வைத்துக்கொள் என்று மேடம் சொல்லியிருக்கிறார். ஜீவா என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு அந்தப் பெண்ணோடு ஓசூருக்குப் போன பிறகு நம் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை அக்கா. அதற்காகத்தான் வந்தேன். பிள்ளையை வேண்டாம் என்று விட்டுவிட்டு வரவில்லை. அவள் அழுதால் இதைச் சொல்.

எனக்குத் தனி போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேடம் போனிலிருந்து மாமாவுக்குப் பேசுகிறேன். அவர் பக்கத்திலேயே நிற்பதால் எல்லாம் பேச வரவில்லை. அதனால் எழுதவும் செய்கிறேன்.

உன் தங்கை
தேவி

*

ஏரிக்கரை, உத்திரமேரூர்
27.2.2024

தங்கச்சி தேவிக்கு அக்கா வீரம்மாள் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். முதுகுவலி அப்படியேதான்.

நான் எட்டாவதோடு நின்றவள். தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. நீ இரண்டு ஞாயிறு போனில் பேசினாய். உன் குரலைக் கேட்டதும் பிள்ளை ஏங்கிப்போகிறாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. உன் மாமாகூட, "கொயந்தய போட்டு இன்னாத்துக்கு வதைக்கணும்? கொஞ்ச நாள் போவட்டும்"னு சொன்னார். அதனால் போன் வேண்டாம். கடிதம் எழுது. நான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். கடிதம் என்றால் குரல் இல்லையே, பிள்ளைக்கு ஏக்கம் வராது.

அவளைப் பற்றிக் கவலைப்படாதே. எங்கள் இரண்டு பேர் நடுவில்தான் படுத்துக்கொள்கிறாள்.

இப்படிக்கு
வீரம்மாள்

*

நீலாங்கரை
20.3.2024

அன்புள்ள அக்காவுக்கு, நலம். நலமறிய ஆவல்.

நீ சொன்னபடி போன் பண்ணவில்லை. மூன்று ஞாயிறு ஆகிறது. மேடமே கேட்டார், "பேசலையா?" என்று. பிள்ளை காய்ச்சலில் விழுகிறாள் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

போன வாரம் பழவேற்காட்டுக்குப் போனோம். ஐந்து குடும்பம், ஏழு படகு. ஏரியும் கடலும் சேரும் இடத்தில் ஒரு மணல்திட்டு. அங்கே கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டார்கள். சார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், "வாரம் முழுக்க ஆளுக்கு ஒரு பக்கம் ஓடறோம். குடும்பத்தோட இருக்கிற நேரம்னா அது தண்ணி மேல இருக்கிற நேரம்தான்" என்று. நான் அடுப்புக்குப் பக்கத்தில் தானியேலுக்கு மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

படகில் ஏறும்போது எல்லோருக்கும் மிதக்கிற சட்டை கொடுக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் நாய்க்குக்கூட ஆரஞ்சு நிறத்தில் அளவாய்த் தைத்த சட்டை இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. "தேவிக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்று சார் சொல்ல எல்லோரும் கை தட்டினார்கள். புகைப்படம் எடுக்கும்போது கேமராவை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நன்றாக எடுத்தேன் என்று பாராட்டினார்கள்.

பிள்ளைக்கு ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன். கடிதம் படிக்கும்போது என்ன செய்கிறாள்? என்னைக் கேட்கிறாளா? கேட்டால் என்னவென்று கேட்கிறாள்? அவள் சொல்வதை அப்படியே எழுது.

தேவி

*

உத்திரமேரூர்
2.5.2024

தங்கச்சி தேவிக்கு, எல்லோரும் நலம். நீயும் நலமாயிரு.

எழுத நேரமில்லை, தப்பாய் எடுக்காதே. கடலை பிடுங்கப் போய்க்கொண்டிருந்தேன். கவுன் அளவு சரி. நல்ல சிவப்பு. ஏரியில் தண்ணீர் வற்றிக்கொண்டே வருகிறது. உன் மாமா சேற்றில் விரால் பிடிக்கும்போது அவளையும் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார். "நைனா, இங்க ஒண்ணு கீது, இங்க ஒண்ணு கீது" என்று கத்துகிறாள்.

அங்கன்வாடியில் சேர்த்துவிட்டேன். டீச்சர் பெயர் மார்த்தாள். நல்லவர். முட்டை போடுகிறார்கள். நன்றாகச் சாப்பிடுகிறாள்.

வெயில் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

வீரம்மாள்

*

நீலாங்கரை
9.6.2024

அன்புள்ள அக்காவுக்குத் தேவி எழுதுவது. நலம்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். மாமாவை நைனா என்கிறாளே, கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அவளைப் பெற்றவனை அப்படிக் கூப்பிட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மே மாதம் முழுவதும் கேரளாவில் இருந்தோம். ஊருக்கெல்லாம் லீவு விட்டால் எனக்கு லீவு கிடையாது அக்கா. இவர்கள் லீவுதான் என் வேலை. வேம்பநாட்டுக் காயலில் வீடு மாதிரி ஒரு படகு, அதற்குப் பின்னால் இவர்களுடைய சின்னப் படகுகள்.

அங்கே ஒன்று நடந்தது. பதினாறாம் தேதி சாயங்காலம். சின்னப் படகில் சார், மேடம், தானியேல் மூவரும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பெரிய படகிலிருந்து எடுத்தேன். மிதக்கிற சட்டை இருந்தால் படம் அழகாக வராது என்று மேடம் பையனுடையதைக் கழற்றிவிட்டார். சார் எழுந்து இடம் மாறினார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பையன் தலைகீழாய் விழுந்தான். சத்தமே வரவில்லை அக்கா. சார் பாய்ந்துவிட்டார், ஆனால் அவருக்குத் தண்ணீரின் மேல்தான் பழக்கம், அடியில் போகத் தெரியவில்லை. ஆகாயத்தாமரை வேர் அடர்ந்த தண்ணீர். நான் கேமராவைப் போட்டுவிட்டுக் குதித்தேன். அப்பா நமக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி கண்ணைத் திறக்காமல் கையால் தடவிப் போனேன். கால்தான் அகப்பட்டது. இழுத்து மேலே கொண்டுவந்தேன்.

தண்ணீரைக் கக்கியதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா, அம்மா" என்று அலறினான். மேடம் கையை நீட்டினார். போகமாட்டேன் என்று என் தோளைக் கடித்தான். அவனைப் பிய்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

அவன் என்னை அம்மா என்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் எனக்குக் காவியா ஞாபகம் வரவில்லை. பிறகுதான் வந்தது. வந்ததும் படகின் பின்பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன்.

ஆடி மாதம் ஐந்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். வருகிறேன். பிள்ளை படம் ஒன்று அனுப்பு.

தேவி

*

உத்திரமேரூர்
14.7.2024

தங்கச்சிக்கு, நலம். நீ பிழைத்துவந்ததற்கு அம்மனுக்குக் கூழ் ஊற்றினேன்.

இப்போது வராதே. பிள்ளைக்கு அம்மை வார்த்திருக்கிறது. லேசாகத்தான். வேப்பிலையில் படுக்கவைத்திருக்கிறேன். வெளியூரிலிருந்து ஆள் வரக்கூடாது. நீயும் அங்கே இன்னொருத்தர் பிள்ளையைத் தொட்டுத் தூக்குகிறவள். அவனுக்கு ஒட்டிக்கொண்டால் பேச்சு உனக்குத்தான். தண்ணீர் ஊற்றினதும் எழுதுகிறேன். அப்போது வா.

படம் எடுக்க உன் மாமா போனில் கேமரா கெட்டுப்போய்விட்டது.

வீரம்மாள்

*

நீலாங்கரை
1.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தண்ணீர் ஊற்றியாகிவிட்டதா? தழும்பு விழுந்ததா? முகத்திலா? சொறிய விட்டாயா? ஒன்றரை மாதமாகக் கடிதம் இல்லை. அம்மை இறங்கிய பிறகு சில பிள்ளைகளுக்குக் கண் மங்கும் என்று இங்கே ஒருத்தி சொன்னாள். அதிலிருந்து என்னால் ஒரு வேலை ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

இங்கேயும் சரியில்லை. காயலிலிருந்து வந்த பிறகு மேடம் மாறிவிட்டார். காவியாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள் என்ற பேச்சை இப்போது எடுப்பதே இல்லை. பையனுக்கு அவரே ஊட்டுகிறார். அவன் தட்டைத் தள்ளிவிட்டு, "தேவிம்மா ஊட்டணும்" என்கிறான். அவர் என்னை மாடியில் துணி மடிக்க அனுப்பிவிடுகிறார். படகுக்கும் என்னைக் கூட்டிப்போவதில்லை. நான் தனியாய் வீட்டில் இருக்கிறேன். அவர்கள் திரும்பிவந்ததும் ஈரத் துணிகளை அலசிப் போடுகிறேன்.

பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரியாவது எழுது.

தேவி

*

நீலாங்கரை
20.10.2024

அக்கா, ஒரு வரி. நல்லாயிருக்கிறாள் என்று ஒரே வரி. இரண்டு தடவை மாமா நம்பருக்குப் போட்டேன். எடுக்கவில்லை.

தேவி

*

உத்திரமேரூர்
6.11.2024

தேவிக்கு, நல்லாயிருக்கிறாள். தழும்பு இல்லை. மழை பிடித்துக்கொண்டது, ஏரி நிரம்புகிறது, குடிசைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அதனால் எழுத முடியவில்லை. பொங்கல் கழித்து வா, நிதானமாய் இருக்கலாம்.

வீரம்மாள்

*

அரும்பாக்கம், சென்னை
19.1.2025

அக்காவுக்கு,

நலமா என்று கேட்காமல் ஆரம்பிக்கிறேன். எட்டு நாள் உன் வீட்டில் இருந்துவிட்டுத்தானே வந்தேன்.

உன்னோடு சண்டை போட்டபோது வாய்க்கு வந்ததைக் கத்தினேன். நடந்ததை வரிசையாய்ச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜனவரி எட்டாம் தேதி ஏஞ்சல் மேடம் என்னை உட்காரவைத்தார். ஒரு வருடத்தில் அன்றுதான் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "நீ ஒரு தப்பும் பண்ணலை தேவி. எம் புள்ளைய நீதான் காப்பாத்திக் குடுத்த. ஆனா அவன் எனக்கு வேணும்" என்றார். அழுதார். எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை பக்கத்து வீட்டில் விளையாடும்போதே என் பையை எடுத்துவைத்துவிட்டார்கள். அவனிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை.

நான் உனக்குத் தகவல் சொல்லாமல் வந்தேன். செங்கல்பட்டில் பஸ் மாறி, உத்திரமேரூரில் இறங்கும்போது மணி பதினொன்று. இந்நேரம் பிள்ளை அங்கன்வாடியில் இருப்பாள், முதலில் அவளைப் பார்த்துவிடுவோம் என்று நேராக அங்கே போனேன்.

பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாய் உட்கார்ந்திருந்தார்கள். எது என் பிள்ளை என்று எனக்கு உடனே தெரியவில்லை அக்கா. முடி வளர்ந்து, ரெட்டைப் பின்னல் போட்டு, உன் மாதிரியே வாயைக் குவித்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் இருக்கிற மச்சத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மார்த்தாள் டீச்சர், "யாரும்மா நீங்க?" என்றார்.

"காவியாவோட அம்மா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காவியா அம்மாவ எனக்குத் தெரியுமே. தெனம் வந்து வுட்டுட்டுப் போவுது" என்றார். நான் விடாமல் நின்றதால் பதிவேட்டைத் திறந்து காட்டினார். தந்தை பெயர் மாசி. தாய் பெயர் என்ற இடத்தில் வீரம்மாள். உன் கையெழுத்து.

அதற்குள் பிள்ளையே எழுந்து வந்தாள். அம்மைத் தழும்பு தேடி அவள் முகத்தையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. அம்மை வார்த்திருந்தால்தானே தழும்பு இருக்கும். கையை உருவிக்கொண்டு டீச்சர் புடவைக்குப் பின்னால் போய்விட்டாள். "நீ பட்டணத்துச் சித்தியா?" என்று கேட்டாள். "அம்மா சொல்லிக்கீது, சித்தி கவுன் அனுப்பும்னு."

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நடுவில்?

எட்டு நாளும் நான் ஊட்டினால் சாப்பிடவில்லை. பக்கத்தில் படுக்கவைத்தால் எழுந்து உன்னிடம் ஓடினாள். ஒன்பதாம் நாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன். அவள் தெருவில் புரண்டு அலறினாள். நீ பின்னாலேயே ஓடிவந்து நின்றாய். நான் கையை விட்டேன். நீ ஜெயித்துவிட்டதாய் நினைக்காதே. அந்த அலறல் எனக்குத் தெரிந்த அலறல். தானியேலைப் பிய்த்துக் கொடுத்தபோது கேட்டது. அதனால் விட்டேன்.

இப்போது ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை. மேலே உள்ளது அந்த முகவரி. எழுத இஷ்டமிருந்தால் எழுது.

தேவி

*

உத்திரமேரூர்
16.2.2025

தேவிக்கு வீரம்மாள் எழுதுவது.

மன்னிப்புக் கேட்கப் பேனாவை எடுக்கவில்லை. கேட்டாலும் நீ தரமாட்டாய். உண்மையை எழுதிவிடலாம் என்று எடுத்தேன்.

அம்மை வார்க்கவில்லை. அது பொய். மாமா போனில் கேமரா கெட்டதும் பொய். உன் மேடம் நம்பர் வந்தால் எடுக்காதே என்று அவரிடம் சத்தியம் வாங்கியதும் நான்தான். அவர், "இது பாவம்டீ" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கடிதங்களை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. ஒன்றுகூட.

முதல் ஞாயிறு நீ பேசியபோது பிள்ளை அழுதது நிஜம். இரண்டாவது ஞாயிறு அவள் அழவே இல்லை. போனை முத்தமிட்டுச் சிரித்தாள். அன்று முழுக்க "எங்கம்மா பேசிச்சு, எங்கம்மா பேசிச்சு" என்று தெருவில் எல்லா வீட்டிலும் போய்ச் சொன்னாள். காய்ச்சலெல்லாம் இல்லை. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் மூன்று தடவை சுமந்து மூன்று தடவையும் ஏரிக்கரையில் புதைத்தவள். உனக்குத் தெரியும். உன் பிள்ளை என் நெஞ்சில் கை வைத்துத் தூங்கும்போது நீ எங்கேயோ ஒரு மணல்திட்டில் இன்னொருத்தி பிள்ளைக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாய். அதை நீயே எழுதியிருந்தாய். அவன் அம்மா என்றதும் சந்தோஷப்பட்டதையும் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று, இவள் மட்டும் என்ன யோக்கியம் என்று எனக்குள் தைரியம் வந்தது. ஆடியில் வருகிறேன் என்ற வரியைப் படித்ததும் அம்மைப் பொய்யைத் தயார் பண்ணிவிட்டேன்.

அங்கன்வாடிக்கு நான் போனது பெயரை மாற்ற இல்லை. டீச்சர் பிள்ளையைப் பார்த்து, "அம்மா பேரு இன்னா?" என்று கேட்டார். பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து உன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அவளை நன்றாகத்தான் வளர்த்தேன். அதில் பொய் இல்லை.

வீரம்மாள்

*

அரும்பாக்கம்
9.3.2025

அக்காவுக்கு,

நன்றாக வளர்த்தாய். எடை கூடியிருந்தாள், நகம் சுத்தமாக இருந்தது, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. இதை நான் மறுக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

மே மாதம் அங்கன்வாடி விடுமுறை விடும்போது வருகிறேன். அவளைக் கூட்டிப்போக வருகிறேன், பார்த்துவிட்டுப் போக இல்லை. வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் ஆள் கேட்டிருக்கிறார்கள். அங்கேயே ஒரு அறை பார்த்திருக்கிறேன். சென்னைக்குக் கொண்டுபோகவில்லை. உன்னைவிட்டு ரொம்பத் தூரம் இல்லை என்பது உனக்காக இல்லை, அவளுக்காக.

தெருவில் புரளவைத்து என்னால் இழுத்துப்போக முடியாது. அதனால் ஒரு வேலை உன்னுடையது. நான் யார் என்று அவளுக்கு நீயே சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள். நீ சொன்னால் நம்புவாள். இந்த ஒரு வருடத்தில் நீ சொன்னதையெல்லாம் நம்பியிருக்கிறாள்.

தேவி

*

உத்திரமேரூர்
20.4.2025

தங்கச்சி தேவிக்கு,

நீ எழுதி ஆறு வாரம் ஆகிறது. தினமும் காலையில் இன்று சொல்லிவிடவேண்டும் என்று எழுந்திருப்பேன். தலை பின்னும்போது வாய் வரை வரும். அங்கன்வாடி வாசல் வரை நடப்போம். டாட்டா காட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். உன் மாமா இதைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை சொல்லிவிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து புளியங்கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். "பட்டணத்துல கீதே, அது உனக்குச் சித்தி இல்ல கண்ணு. அதான் உன்னப் பெத்த அம்மா. தேவி அம்மா. உன்ன இட்டுக்கினு போவ வரப்போவுது. நான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன். நான் அழவில்லை. அழுதால் அவள் பயந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உருட்டுவதை நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள். அவளும் அழவில்லை.

"அப்போ நீ யாரு?" என்றாள்.

பெரியம்மா என்று சொல்ல வேண்டும். சின்ன வார்த்தைதான். எனக்கு வரவில்லை தேவி. அவள் இரண்டு தடவை கேட்டாள். பிறகு எழுந்து, உன் மாமாவிடம் போய், "நைனா, இது யாரு?" என்று என்னைக் கை காட்டிக் கேட்டாள்.

மே இரண்டாம் தேதி விடுமுறை விடுகிறார்கள். காலையிலேயே வந்துவிடு. அவள் துணிகளை மடித்து வைத்திருக்கிறேன்.

வீரம்மாள்